பிலியானாவின் ஆமாம்

டான்யூப் கரையில், ரூசே துறைமுகச் சாப்பாட்டுக்கூடத்தில் சூப் ஊற்றுபவள் நெவெனா. அவள் மகள் பிலியானாவுக்குப் பத்தொன்பது வயது, பேச்சு வராது. ஆனால் எதைக் கேட்டாலும் தலையை இடவலமாக ஆட்டுவாள். எங்கள் நாட்டில் அதுதான் ஆமாம். வேண்டாம் என்றால் மோவாயை மேலே தூக்குவோம்.

பசிக்கிறதா? ஆமாம். என்னைப் பிடிக்குமா? ஆமாம். பெற்றவளுக்கு அது போதாதா?

"எதைக் கேட்டாலும் ஆமாங்கறாளே! என் புருஷனுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கச் சொல்லு" என்பாள் கூட வேலை செய்யும் பென்கா.

புதிதாக வந்த டாக்டர் முத்தாபோவ் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "எஸ்டிஎக்ஸ்பிபி1னு ஒரு மரபணும்மா. நரம்புக்குள்ள சேதியைச் சுமந்துக்கிட்டு குட்டிப் பைங்க ஓரத்துக்கு வரும். அதை அங்க சேத்து, திறந்து கொட்ட வைக்க ஒரு புரதம் வேணும். அந்த மரபணு எல்லாருக்கும் ரெண்டு இருக்கு. இவளுக்கு ஒண்ணு பழுது. புரதம் பத்தலை."

"படகு வந்துடுது, கயித்தை வாங்கிக் கட்ட ஆள் பத்தலை. அப்படித்தானே?"

"அதேதான். இந்தத் தலையாட்டலும் அதனாலதான். எந்த நாட்டுல பொறந்தாலும், இந்தப் பழுது இருக்கறவங்கள்ல இப்படி ஆட்டுறவங்க இருக்காங்க."

"அப்ப அது ஆமாம் இல்லையா, டாக்டர்?"

அவர் சோதனைத் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார். பாவி மனிதர், பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அதன்பின் நெவெனா எதுவும் கேட்பதில்லை. வாய் பேசாமல் ஊட்டினாள், தலை வாரினாள். ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்தால் பனிமூட்டத்துக்குள் குட்டிக் குட்டிப் படகுகள் தெரிந்தன. எல்லாம் கரைக்குப் பக்கத்தில் வந்து, கட்டுவாரில்லாமல் மிதந்தன. ஒவ்வொன்றிலும் பிலியானாவின் ஒரு சொல் உட்கார்ந்திருந்தது.

ஒரு மாலை, பழக்கதோஷத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்: "வீட்டுக்குப் போலாமாடி?"

தலை இடவலமாக ஆடியது. முன்பென்றால் உடனே கிளம்பியிருப்பாள். இப்போது அந்த ஆட்டத்தில் நம்பிக்கை இல்லை; எழுந்திருக்கவும் மனமில்லை. ஒரு சரக்குப் படகு மெல்ல மெல்ல முழுதும் கடந்துபோனது. தலை நின்றது. பிலியானாவின் மோவாய் மேலே போனது.

நெவெனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி கேட்டாள். மறுபடி காத்திருந்தாள். மறுபடியும் மோவாய் மேலே.

"அடி திமிர் பிடிச்சவளே! வேணாமா?" என்று அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை வருஷமும் பாதிப் பதிலில் எழுந்து போனவள் தான்தானே.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது, கேட்டுவிட்டாள்.

"என்னைப் பிடிக்குமாடி?"

படகு ஒன்று போனது. இன்னொன்றும் போனது. பனி இறங்கி அக்கரை மறைந்தது. பிலியானாவின் மோவாய் மேலே போகவே இல்லை.