இரண்டாவது ஈசிஜி

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கிளினிக் வாசல் பலகையில் பட்டங்கள் வால் நீளத்துக்கு இருக்கின்றன. இதய வைத்தியம் எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் மதுரை, சென்னை என்பேன். பாதிப் பொய். ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஒரு மனிதரைச் சாகவிட்டுத்தான் அந்தப் படிப்பைத் தொடங்கினேன்.

அப்போது எம்.பி.பி.எஸ். முடித்த சூடு. பகல் டியூட்டி. ஸ்பின்னிங் மில் தொழிலாளி ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு மனைவியோடு வந்தார்.

"வாயுப் பிடிப்புதான் டாக்டரய்யா. சோடா குடிச்சேன், ஏப்பம் வந்துட்டு. ஷிப்ட்டுக்குப் போகணும்."

எங்கள் பக்கத்தில் நெஞ்சில் எது வலித்தாலும் வாயுதான். ஈசிஜி எடுத்தேன், சுத்தமாக இருந்தது. மாரடைப்பு ஆரம்பத்தில் அப்படியும் ஏமாற்றும், அரைமணி கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். படித்து என்ன? வெளியே கூட்டம். "ஒண்ணுமில்ல, வாயுதான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். மத்தியானம் மில்லிலேயே விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தபோது நாடி இல்லை.

பிறகு நான் படித்ததெல்லாம் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான். பேராசிரியர்கள் அதை ஆர்வம் என்றார்கள். ஆர்வமாவது மண்ணாங்கட்டியாவது, பயம்.

போன மாதம் அந்த மில் தொழிலாளியின் மனைவி என் கிளினிக்குக்கு வந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. வழுக்கையும் கண்ணாடியும் என்னை மறைத்துவிட்டன. நெஞ்சை அடைக்கிறது என்றார். முதல் ஈசிஜி நன்றாக இருந்தது. அரைமணி உட்காரச் சொன்னேன்.

"இன்னொரு தடவை எதுக்குய்யா?"

காரணத்தைச் சொன்னேன்.

"எங்க வீட்டு அவியளையும் இப்படி உக்கார வச்சிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாவ. ஒரு அவசரக்குடுக்கை டாக்டர்கிட்ட மாட்டிக்கிட்டாவ. நீங்க நல்லா இருக்கணும்யா."

அந்த அவசரக்குடுக்கை நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கோழைப்பயல் நான்.

இரண்டாவது ஈசிஜியும் சுத்தமாக இருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. அவருக்கு நிஜமாகவே வாயுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்.

"இன்னும் செத்த நேரம் உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தடவையும் எடுக்கச் சொன்னேன்.