ஏழாம் கட்டத்தில் ஒரு கோடு

இத்தாலியில் நான் சம்பளத்துக்குக் குளிப்பாட்டிச் சோறூட்டிய கிழவனாருக்கு நான்கு பற்களே மிச்சம். மற்றவற்றைச் சுலோவாக்கியச் சிறையில் கம்யூனிஸ்ட் காவலர்கள் துவக்குப் பிடியால் உடைத்திருந்தார்கள். வலக்கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை. பங்குக் குருவானவர் வரும்போதெல்லாம் அந்த விரல்களை முத்தமிடுவார்.

அதற்கு முந்திய கதை குருவானவருக்குத் தெரியாது. சவரம் செய்யும்போது எனக்கு மட்டும் சொன்னார். போர்க்காலத்தில் அவர் அந்த நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர். யூதர்களை வதைமுகாமுக்கு ரயிலேற்றும் சட்டத்துக்குக் கை உயர்த்தியவர். தன் யூதப் பல் வைத்தியரைப் பிள்ளைகளோடு தெருவில் அடித்து இழுத்துப் போனதை யன்னலால் பார்த்தாராம். என் கத்தி அவருடைய தொண்டையில் இருந்தது. சவரத்தை முடித்து முகத்தைத் துடைத்துவிட்டேன்.

கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் புது அரசு பழைய கைதிகளைக் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கத் தொடங்கியது. அந்தப் பத்திரம் கிடைக்காமல் சாகமாட்டேன் என்றார். படிவம் தூதரகத்திலிருந்து வந்தது. நிரப்புவது நான், ஊரில் கிராம சேவகராக இருந்தவனுக்குப் படிவம் புதிதல்ல.

ஏழாம் கட்டம்: முன்பு வகித்த பதவிகள்.

"அதை விடு."

"அது பொய்ச் சத்தியம், சின்யோரே," என்று சொல்லி உள்ளதை எழுதினேன்.

கைத்தடியின் பூண் என் புருவத்தைப் பிளந்தது. இரண்டாவது அடி காதில். மூன்றாவதுக்கு அவருக்கு மூச்சு போதவில்லை. படிவத்தில் இரத்தம் சொட்டியது. இரத்தம் பட்ட படிவம் எந்த நாட்டிலும் செல்லாது.

வீட்டில் மனைவி பஞ்சை அழுத்திப் பிடித்தாள்.

"கிழட்டுப் பேய்! குவெஸ்தூராப் பொலிசிலை போய்ச் சொல்லுங்கோ."

"ஏன் அடிச்சவன் எண்டு கேப்பாங்களப்பா."

"ஏன் அடிச்சவன்?"

"உள்ளதை எழுதினதுக்கு."

"நீங்களோ?" சிரித்துவிட்டாள். "எங்கடை அகதிக் கேசை நானும் வாசிச்சனான்."

அதில் இராணுவம் என்னை வயரால் அடித்தது நான்கு பக்கம். அதற்கு முன், துவக்கோடு வந்த இயக்க இளைஞர்களுக்கு என் கிராமப் பதிவேட்டைப் பார்த்து ஒரு வீட்டைக் காட்டியது ஒரு வரிகூட இல்லை. அந்த வீட்டுக்காரனை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கேஸ் எழுதும் முறை எங்களுக்கு மனப்பாடம்: வாங்கிய அடியை எழுது, கொடுத்ததை விடு.

மறுநாள் புதுப் படிவம். கிழவனார் தடியை மடியில் வைத்துப் பார்த்திருந்தார். ஏழாம் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். சொல்ல எதுவும் இல்லை என்பதை முறைப்படி அப்படித்தான் காட்டுவது.

பத்திரம் வந்தது. குருவானவர் அதைப் பூசையில் வாசித்தார். சக்கர நாற்காலியிலிருந்து கிழவனார் நகமில்லாத கையை உயர்த்திக் காட்டினார். சட்டத்துக்கு உயர்த்தியதும் அந்தக் கைதானா என்று நான் கேட்கவில்லை.