இளஞ்சிவப்பு அலுமினாவும் பரிமளா அக்காவும்

செமோர் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது பரிமளா அக்கா இறந்த செய்தி வந்தது. லூமுட்டிலிருந்து அவருடைய தங்கை அழைத்தார். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க அண்ணே. சாயந்திரம் எடுக்குறோம், வந்துருங்க." பையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த அறைகளில் பல காலம் வேலை செய்தோம். அவருடைய துறை எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு. பொடியைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, காந்தத்தின் நடுவே வைத்து நுண்ணலையைச் செலுத்தினால், இணை சேராத எலக்ட்ரான் உள்ள உலோக அயனி தன் அடையாளத்தைக் கோட்டுப்படமாகக் காட்டும். ஆக்சைடுக்குள் எந்த உலோகம் கலந்திருக்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி.

ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வெள்ளையாக வரவேண்டிய அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடுப் பீங்கான் பாகங்கள் இளஞ்சிவப்பாக வரத் தொடங்கின. அரவை இயந்திரத்தில் வேலை பார்த்த முனியாண்டி மாங்கனீசு கலந்த வண்ணப் பொடியைத் தவறாகக் கொட்டிவிட்டார் என்று முதலாளி எல்லார் முன்னிலையிலும் சொல்லி, அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். பிறகு, உறுதிசெய்துகொள்ளத் துண்டுகளை எங்களுக்கு அனுப்பினார்.

"குரோமியம் தெளிவா இருக்கு தம்பி" என்றார் அக்கா.

"அப்போ மாங்கனீசு இல்ல. எழுதிக் கொடுத்துரலாம் லா" என்றேன்.

"அப்படிச் சொல்ல முடியாது. சில நிலையில மாங்கனீசு இந்த மெஷினுக்குத் தெரியாது. அரைகுறையா எழுதிக் கொடுத்தா நாளைக்கு முனியாண்டிக்குத்தான் ஆபத்து."

அரவைக்கே போகாத மூட்டையிலிருந்து பொடி வரவழைத்தார். ஒரு பாதியை எங்கள் உலையில் சுட்டார். மறு பாதியைத் தொழிற்சாலை உலையில் சுடச் செய்தார். எங்களுடையது வெள்ளையாகவே இருந்தது, குரோமியத்தின் அடையாளம் இல்லை. அவர்களுடையது இளஞ்சிவப்பாகி, அதே கோட்டைக் காட்டியது. உலையில் புதிதாகப் பதித்த செங்கல்லில் குரோமியம் இருந்தது. கடும் சூட்டில் அது ஆவியாகிப் பாகங்களில் ஏறியிருந்தது.

முதலாளி மறுக்கவில்லை. "நாளைக்கே அவர வரச் சொல்றேன் டாக்டர்" என்றார் தொலைபேசியில். அக்காவுக்கு அது போதவில்லை.

"குத்தம் சொன்னப்ப எல்லாரும் நின்னாங்க. இல்லன்னு சொல்றப்பவும் எல்லாரும் நிக்கட்டும். நானும் வாரேன்."

நானும் கூடப் போனேன். முதலாளி சுருக்கமாகத்தான் பேசினார். ஆனால் தவறு தன்னுடையது என்று சொன்னார். முனியாண்டி தலையை மட்டும் ஆட்டினார். அழுதது உடன் வந்திருந்த அவர் மனைவிதான். அக்கா கோட்டுப்படத்தை வெளியே எடுக்கவேயில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

அவருடன் வேலை செய்தவர்களுக்கு அவருடைய ஆய்வுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒருவரைப் பற்றி நான் சொன்னது தவறென்று தெரிந்தால், இப்போதெல்லாம் அவரைத் தனியே அழைத்துச் சொல்வதில்லை. முன்பு நான் சொன்னதைக் கேட்டவர்களையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பரிமளா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.