எட்வின் சாரின் சிவப்பு பல்பு

பெருங்களத்தூர் நிறுத்தத்தில், பண்டிகைக்கு ஊர் போகிறவர்களின் கூட்டத்துக்கு நடுவே ஊரப்பாக்கம் பஸ்ஸுக்காக நான் முண்டிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி அக்காவின் போன் வந்தது. "டீச்சர், எட்வின் சார் பூட்டாரு. டீ குடிச்சிகினு நடந்துகினு இருந்தாராம். அப்டியே சாஞ்சிட்டாரு." நடந்துகொண்டிருந்தார் என்றதும் நம்பிவிட்டேன். உட்கார்ந்திருந்தார் என்று சொல்லியிருந்தால் வேறு யாரோ என்று நினைத்திருப்பேன்.

பழகியவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிற மனிதர் அவர். தாம்பரம் சுற்றுவட்டாரத்துக் கிறிஸ்தவச் சபைகளில் கீபோர்டு வாசித்ததும் நின்றபடிதான். மற்றவர்களின் கேசட்டுகளுக்கு வருடக்கணக்காக வாசித்தும் ஓர் அட்டையிலும் அவர் பெயர் வந்ததில்லை. ஒருநாள் பொறுமை போய்விட்டது. "இனிமே நமக்குன்னு ஒரு கம்பெனி டீச்சர். நீங்க பாட்டு எழுதுங்க" என்றார். அப்போது பக்கத்து வீட்டில் இருந்த தமிழ் டீச்சர் நான், மாட்டிக்கொண்டேன். 'தென்கரை ஆடியோ' அப்படித்தான் தொடங்கியது.

ஸ்டூடியோ வைக்கவே கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது பொழிச்சலூர். இவர் அங்கேதான், தன் வீட்டுப் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து ஸ்டூடியோ வைத்தார். பக்கத்து விமான நிலையத்திலிருந்து தலைக்கு மேல் போகிற விமானத்துக்கு மெத்தையெல்லாம் ஒரு பொருட்டா? பாட்டு எழுதியவளுக்கு ரெக்கார்டிங்கில் வேலை இல்லை என்பதால் என்னை மொட்டை மாடியில் நிறுத்தினார். தூரத்தில் விமானம் தெரிந்ததும் நான் சுவிட்சைப் போடுவேன். கீழே சிவப்பு பல்பு எரியும். பாடுகிறவர்கள் அப்படியே நிறுத்தி, அது கடந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள். வெயிலில் நான் சலித்துப் போகக்கூடாது என்று ஒரு வயரை இழுத்து ஹெட்போனும் கொடுத்தார். "நீங்களும் கேட்டுகிட்டே நில்லுங்க டீச்சர்." விமானம் பார்க்க நிற்கிறவளின் காதை அடைக்கலாமா என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

முதல் கிறிஸ்துமஸ் கேசட் சபை வாசல்களிலேயே தீர்ந்தது. அட்டையில் எல்லார் பெயரும் இருந்தது. கடைசி வரி, 'மாடி: எமிலி டீச்சர்'. ஊரே கேலி செய்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்து நான்கு கேசட்டுகள் வந்தன. பிறகு பிளாட்பாரத்தில் ஒரே சிடியில் நூறு பாட்டு விற்க ஆரம்பித்தார்கள், எங்களுடையதையும் சேர்த்து.

"யார்கிட்டயும் இல்லாத பாட்டு வேணும் டீச்சர். இதுவும் ஓடலன்னா மூடிட வேண்டியதுதான்" என்று வீதியெல்லாம் நடந்தார். அப்படிக் கண்டுபிடித்தவர்தான் கடற்கரைக் குப்பத்திலிருந்து பம்மலுக்கு மீன் விற்க வரும் கஸ்தூரி அக்கா. கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பிக்காக அவர் பாடிய பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது விமானம் என் தலைக்கு மேல் இருந்தது. பாட்டின் கடைசி அடிகளில் அது முழுசாகப் பதிந்துவிட்டது.

எட்வின் சார் அப்படியே விடலாம் என்றார். கஸ்தூரி அக்காவும், "எங்க வூட்டு மேலயும்தான் போவுது. இருந்தா இன்னா இப்போ?" என்றார். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். அட்டையில் மாடி என்று என் பெயரைப் போட்டுவிட்டுப் பாட்டில் விமானம் கேட்டால் பள்ளிக்கூடத்தில் எப்படித் தலைகாட்டுவது? அழுதும்விட்டேன். எனக்காக சார் மனம் இறங்கி மறுபடி எடுத்தார். சுத்தமாக இருந்தது, உயிர்தான் இல்லை. "ஒரு தபா அழுதது அழுததுதான் டீச்சர்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார் கஸ்தூரி அக்கா. சிடிகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. தென்கரையை மூடினோம். "காலம் மாறிடுச்சு, உங்களால இல்ல" என்று சார் எத்தனையோ முறை சொன்னார். நான் நம்பவில்லை. அவர் மறுபடியும் அடுத்தவர்களுக்கு வாசிக்கப் போனார், நின்றபடி.

அடக்கத்தன்று வீட்டு முற்றத்தில் பாடிக்கொண்டிருந்தோம். விமானம் வந்தது. அவரிடம் பாடிய அத்தனை பேரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். போதகர் மட்டும் தனியாகப் பாடி, விழித்தார். கடந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்தோம். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா ஒரு கேசட்டை என் கையில் வைத்தார். 'முதல் டேக். அழிக்காதே' என்று சாரின் கையெழுத்து. அழித்தாயிற்று என்றுதான் சார் என்னிடம் சொல்லியிருந்தார். வீட்டில் போட்டுக் கேட்டேன். பாட்டு, விமானம், அது தேய்ந்த பின் கொஞ்சம் அமைதி. பிறகு அவர் குரல், சிரிப்போடு: "டீச்சர் சுவிட்ச் போடல பாருங்க. கேட்டுகிட்டே நின்னுட்டாங்க. அப்போ பாட்டு ஜெயிச்சிடுச்சு."

அடுத்து மாடிப்படியில் ஒருத்தி தடதடவென்று இறங்குகிறாள். "சாரி சார், மறுபடி எடுத்துடலாம்" என்கிறாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேசட் ஒன்றுதான். தினமும் கேட்கிறேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நிறுத்திவிடுகிறேன்.