ஐரிஷ் குதிரையும் என்ர சனிக்கிழமையளும்

பழைய காசு விக்கிறவன் ஒரு நாளில ஆகக் கூடச் சொல்லுற சொல் "தேய்க்காதேங்கோ" எண்டதுதான். என்னைப்போல மேசை போட்டுப் பாடுபடுற ஆக்களுக்கு என்ர வயித்தெரிச்சல் விளங்கும். ஜெர்மனியில, வுப்பர்டால் பழஞ்சாமான் சந்தையில சனிக்கிழமையளில நான் ஐரிஷ் காசு விக்கிறன். யூரோ வர முன்னம் அயர்லாந்தில ஓடின, கோழி, மீன், குதிரை போட்ட காசுகள். கறுப்பும் ஊத்தையும் அப்பிடியே இருக்கவேணும். தேய்ச்சதைக் காசு சேர்க்கிற ஆக்கள் திரும்பியும் பார்க்கமாட்டினம்.

கோழியும் குஞ்சுகளும்

எங்கட ஊர் நடராசா அண்ணை ஒரு பிஸ்கட் டின் நிறைய, கோழியும் குஞ்சுகளும் போட்ட பென்னிக் காசு கொண்டுவந்தார். டின்னை வைக்கேக்கையே எனக்கும் பங்கு தாறன் எண்ட மாதிரி ஒரு சிரிப்பு. இது லட்சக்கணக்கில அடிச்ச காசு, பழசு எண்டதுக்காக விலை வராது, உலகத்தில கொஞ்சமாய் மிஞ்சியிருந்தால்தான் விலை எண்டு விளங்கப்படுத்தினன். அண்ணை டின்னை மூடினார்.

"எழுபத்தைஞ்சு வயதில இதைக் கேக்கத்தானே தம்பி நான் பஸ் ஏறி வந்தனான்?"

மான்

ஓய்வெடுத்த ஒரு ஜெர்மன் ரீச்சர், மான் போட்ட ஐரிஷ் பவுண்ட் காசு ஒண்டு வைச்சிருந்தா. சேர்க்கிறவைக்கு இது தேவையில்லை, ஐரிஷ் மத்திய வங்கிக்கு அனுப்பினால் யூரோவாய் மாத்தித் தருவினம், ஆனால் தபால் செலவு அதை விழுங்கிப்போடும் எண்டு உள்ளதைச் சொன்னன். அவ மானைத் தடவிப் பார்த்தா.

"அப்ப இது என்ர வீட்டிலேயே மேயட்டும்."

சுகந்தி வைச்ச கெடு

சுகந்தி என்ர மனுசி. கலியாணவீடு, கோயில், பிறந்தநாள் எல்லாத்துக்கும் சனிக்கிழமையில தனியப் போய் அலுத்து, இந்த வருசத்தோட மேசையை மூடுங்கோ எண்டிட்டா. நல்லகாலம், ஒரு பெட்டியின்ர அடியில 1943ஆம் ஆண்டு அரைக் கிரவுண் காசு ஒண்டு ஆப்பிட்டுது. வெள்ளி, குதிரை போட்டது. அந்த ஆண்டு அடிச்சதில பெரும்பகுதியை உருக்கிப்போட்டாங்கள், மிஞ்சினதுக்கு நல்ல விலை. தூரத்து வால்டோர்ஃப்பில கொம்பியூட்டர் வேலை செய்யிற மதுரைத் தம்பி ஒருத்தர், வீட்டுக்கு வந்து பார்த்து வாங்கிறன் எண்டு போனில சொன்னார். இது விலைப்பட்டால் என்ர மேசை தப்பும் எண்டு சுகந்திக்குச் சொன்னன். கறுத்த காசை எட்டிப் பார்த்தா.

"இதைப் பார்க்கவோ ஒருத்தர் அவ்வளவு தூரத்திலயிருந்து வாறார்?"

குளிச்ச குதிரை

வெள்ளிக்கிழமை விளக்கு மினுக்கேக்க சுகந்தி அந்தக் காசையும் சேர்த்து எடுத்திருக்கிறா. எங்கட வீட்டில வெள்ளிச் சாமான் தேய்க்கிறது திருநீறாலதான். நான் கண்டது, மறுநாள் சந்தை முடிஞ்சு, தம்பி வீட்டுக்கு வந்து கதிரையில இருந்த பிறகு. குதிரை கலியாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கிச்சுது. எனக்கு அழுகையே வந்திட்டுது. தம்பி பூதக்கண்ணாடியை மெல்ல இறக்கினார்.

"காயின் சூப்பரா பளபளக்குதுண்ணே. அதான் பிராப்ளமே."

அவர் வாங்காமலே போயிட்டார். வாறவர் முகஞ்சுளிக்கக் கூடாது, என்ர காரியம் ஒப்பேற வேணும் எண்டுதான் அவ தேய்ச்சவ. அது தெரிஞ்சும் எப்பிடிக் கோவிக்கிறது? சந்தை முழுக்கச் சொன்னதை நான் வீட்டில சொல்லேல்லை. மேசையை மூடுவம் எண்டு நானே சொன்னன்.

"வேண்டாம். வாற சனி நானும் வாறன். உங்களுக்குச் சொல்லத் தெரியேல்லை."

இப்ப மேசைக்குப் பின்னால ரெண்டு கதிரை, நடுவில விலைப்படாத குதிரை. அதைக் காட்டி "தேய்க்காதேங்கோ" எண்டு சனத்தை அதட்டுறது அவ, தேத்தண்ணி ஊத்துறது நான்.