மயக்க ஊசிக்கு முன்னால் ஈப்போவுக்கு

உறவினரை ஆபரேஷனுக்காக ஈப்போவுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது. 1983, மலேசியாவில் மழைக்காலம். தெலுக் அன்சன் அப்போதுதான் தெலுக் இந்தான் ஆகியிருந்தது. பஸ்ஸின் நெற்றியில் புதுப்பெயர், கண்டக்டர் வாயில் பழைய பெயர்.

எங்கள் ரப்பர் தோட்டம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர். இறக்கிய ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு மதியம் லயத்து வீட்டுக்கு வந்தால் தங்கை சரசு இல்லை. வயிற்று வலியில் துடித்தவளை அவள் புருஷன் முனியாண்டி தோட்ட வண்டியில் ஏற்றிப் போயிருந்தார்.

"அப்பெண்டிக்ஸ்லா. ஈப்போவுல இன்னிக்கே வெட்டுவாங்க," என்றார் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர்.

எனக்கு உடனே என் பழைய ஆபரேஷன் நினைவுக்கு வந்தது. பல வருஷங்களுக்கு முன் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் நினைவு வந்துவிட்டது; இமையைக்கூட அசைக்க முடியவில்லை. மூச்சும் என்னுடையதாக இல்லை. யாரோ ஒரு பையை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார்கள். "ஏன் இன்னும் மூச்சு வரல?" என்று ஒரு குரல் கேட்டது. நான் உயிரோடிருக்கிறேன் என்று சொல்ல வழியில்லாமல் பொழுது சாயும்வரை கிடந்தேன். தசையைத் தளர்த்தும் ஒரு ஊசி என் உடம்பில் கரையவில்லையாம். கூடப்பிறந்தவர்களுக்கும் இப்படி ஆகலாம் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். சரசு அப்போது சின்னப் பிள்ளை. முனியாண்டி அப்போது எங்கள் குடும்பத்திலேயே இல்லை. இருவருக்கும் இது தெரியாது.

தோட்ட ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். காத்திருக்கச் சொன்னார்கள், லைன் அறுந்துபோனது.

பஸ் பிடித்துத் தெலுக் இந்தான் வந்தேன். அங்கிருந்து ஈப்போ எண்பத்தைந்து கிலோமீட்டர். வாடகை டாக்சி நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். நானும் ஒரு சீனக் கிழவரும்தான் இருந்தோம். டிரைவர் ஹனீபா அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏறுங்கலா. வழியில ஆள் கெடச்சா பாத்துக்கலாம்," என்று வண்டியை எடுத்துவிட்டார்.

பீடோர், தாப்பா, கம்பார் வரை நன்றாகவே போனோம். சிம்பாங் பூலாய்க்குச் சற்று முன்னால் கல் லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள். ஹனீபா அண்ணன் இறங்கி, ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள்காரரை மறித்தார்.

"எங்க போறீங்க?"

"ஈப்போ புந்தோங், அண்ணே."

"இவர ஆஸ்பத்திரியில எறக்கி விடுங்க. உயிர் விசயம்."

"ஒக்காருங்க. கெட்டியா புடிச்சிக்குங்க."

சாலையோரச் சேற்றில் வழுக்கி வழுக்கி லாரியைக் கடந்தோம். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் அறை வாசலில் முனியாண்டி நின்றிருந்தார். "இப்பத்தான் மச்சான், உள்ள கொண்டு போனாங்க."

கதவைத் தள்ளினேன். காவலுக்கு நின்ற ஊழியர், உள்ளே போகக் கூடாது என்று மலாயில் "தா போலே!" சொல்லி மார்பில் கைவைத்துத் தடுத்தார். "டாக்டர், ஊசி போடாதீங்க!" என்று அலறினேன். பச்சை உடுப்பில் ஒரு பெண் வெளியே வந்தார். தமிழர், மயக்க மருந்து டாக்டர். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் மூச்சு வரல?"

"காலையில வெட்டுனாங்க. சாயங்காலம்தான் வந்துச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. "அந்த மருந்த இப்பத்தான் சிரிஞ்சில எடுத்து வச்சேன்," என்று சொல்லித் திரும்பி ஓடினார்.

கதவு மூடியது. அது மறுபடி திறக்கும்வரை நானும் முனியாண்டியும் வாசலிலேயே நின்றோம்.

சரசு கண் திறந்தபடியே வெளியே வந்தாள். முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். "என்ன அண்ணே, இப்படிச் சேறும் சகதியுமா வந்து நிக்கிறீங்க?" என்றாள்.

டாக்டர் பிறகு விளக்கினார். "இதப் பத்தி ஆராய்ச்சி நெறைய நடந்திருக்கு. அந்த மருந்த உடைக்கிற சத்து சில குடும்பத்து ரத்தத்தில சரியா இருக்காது. மத்தவங்களுக்குச் சில நிமிசத்தில கரையறது, இவங்களுக்கு மணிக்கணக்கா நிக்கும்." எங்கள் இருவர் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார். சரசுவுக்கும் அதே குறைதான்.

போகிறவர்களுக்கு என் யோசனை: மழைநாளில் பாதை அடைபடும், முன்கூட்டியே கிளம்புங்கள். அதைவிட முக்கியம், மயக்க மருந்தால் வீட்டில் யாருக்காவது தொல்லை வந்திருந்தால் அதை நோயாளிக்கே தெரியப்படுத்துங்கள். என்னைப் போல வேறொருவர் ஓடிவந்து சொல்லும்படி விடாதீர்கள். இரண்டு வருஷம் கழித்துச் சரசுவுக்குப் பிரசவ ஆபரேஷன் என்றார்கள். நான் வாயைத் திறக்கும் முன் அவளே டாக்டரைக் கைகாட்டி நிறுத்தினாள்: "மொதல்ல நான் சொல்றத கேளுங்க."