தங்கவேல் அண்ணன் ஏற்றுக்கொண்ட அம்புக்குறி

பிரிண்டர் தாளை விழுங்கிவிட்டு நின்றிருந்தது. அதைப் பார்க்க வேண்டிய தங்கவேல் அண்ணன் இன்னும் வரவில்லையே என்று திட்டிக்கொண்டிருந்தபோது அவர் தம்பி போன் செய்தார். காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியில், பஸ் நிலையம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக அவரைப் பற்றி நான் சொன்னது ஒரு வசவு.

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றுக்கு நாங்கள் இருவரும் கணினி நிரல் எழுதினோம். ஒரே மேசை, தினமும் சண்டை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில், ஒரு வேலைக்கான கட்டளைகளை ஃபங்ஷன் என்று நீட்டி எழுதாமல் அம்புக்குறி போட்டுச் சுருக்கமாக முடிக்கலாம். நான் எங்கும் அம்புக்குறிதான் போடுவேன். அவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசிப்பார். டைமருக்குள் என்றால் அவரே அம்புக்குறி போடுவார், பொத்தானுக்கு மாட்டார். "மாப்ளே, சாதா ஃபங்ஷன்ல this, அதாவது 'இது'ன்னா யாருங்கிறத கூப்பிடுற எடம் முடிவு பண்ணும். அம்புக்குறிக்குச் சொந்தமா this கெடையாது. எழுதுன எடத்துக்கு வெளிய எது இருக்கோ அதையே எடுத்துக்கிரும்." இதை எத்தனை தடவைதான் கேட்பது? தெரியாதவனா நான்?

விவசாயி தன் லாட்டுக்கு, அதாவது தான் கொண்டுவந்த காய் மூட்டைகளுக்கு உரிய பொத்தானை அழுத்தினால் திரையில் அவர் பெயர் வரவேண்டும். அண்ணன் சாதா ஃபங்ஷனாக எழுதியிருந்தார். அழுத்திய பொத்தானே this, அதன் பெயர் விவசாயியின் பெயர். அவர் மலைக்குப் போயிருந்த அன்று, அழகாக இருக்கட்டும் என்று அம்புக்குறியாக மாற்றினேன். this வெளியே இருந்த பக்கத்துக்குப் போய்விட்டது. பக்கத்துக்கும் ஒரு பெயர் உண்டு, கடையின் பெயர். அதனால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எந்த லாட்டை அழுத்தினாலும் கடை பெயரே வந்தது.

தேவாரம் ஊர் விவசாயி ஒருவர், "எங் காயி எப்பிடிங்க ஒங்க காயாச்சு?" என்று நிதானமாகக் கேட்டார். கடையே கூடிவிட்டது. நாலைந்து பேர் மூட்டையோடு வேறு கடைக்குப் போனார்கள்.

முதலாளி விசாரித்தார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நாந்தான் மொதலாளி, கவனிக்காம விட்டுட்டேன்." நிரல் வேலையை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். அவர் பிரிண்டர் பார்க்கப் போனார்.

நிரலை மாற்றியவர் பெயர் கணினிப் பதிவில் இருக்கும். அண்ணன் அதைப் பார்த்திருந்தார். "ஏண்ணே இப்பிடிச் செஞ்சீக?" என்றேன். "ஒனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு. வெளிய அனுப்பிருவாக. சோலியப் பாரு." என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை. பிறகு நான் பேச்செடுத்த போதெல்லாம் டீ சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அண்ணனுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் முதலாளி, கடை நண்பர்களே, அந்த அம்புக்குறியைப் போட்டவன் நான். பயத்தில் சும்மா இருந்தேன். அண்ணனுடைய பொறுமை எனக்கு வராது. அவர் பெயரில் கிடக்கும் என் பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.